குக்கரில் வைத்தால் புரதம் அழிந்துபோகுமா?

கேள்வி: உதகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது, எடை 50 கிலோ. உடம்பு தேற புரதம் கூட்டச் சொன்னார் டாக்டர். குக்கரில் வைத்தால் புரதம் அழிந்துவிடும் என்றார்கள். அதனால் சிவப்பு ராஜ்மாவைச் சாதாரணப் பாத்திரத்தில், கொஞ்சம் கடிபடும் பதத்தில் வேகவைத்துக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் எங்கள் இருவருக்குமே வாந்தி. ராஜ்மா எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? பச்சை முட்டை கொடுத்தால் சத்து முழுதாகச் சேருமா? ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

பதில்: ராஜ்மா மேல் தப்பில்லை, அது சரியாக வேகாததுதான் தப்பு. உங்களை வாந்தியெடுக்க வைத்ததும் பெரும்பாலும் ஒரு புரதம்தான். அதை அழிக்கத்தான் குக்கர் வேண்டும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலி. மொத்தம் 20 வகை அமினோ அமிலங்கள். அவற்றில் 9 வகையை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். இந்தச் சங்கிலி சுருண்டு மடிந்து குறிப்பிட்ட ஒரு வடிவத்துக்கு வந்த பிறகுதான் வேலை செய்யும். மடிப்பைப் பிடித்துவைத்திருப்பவை பெரும்பாலும் பலவீனமான பிணைப்புகள். அதனால் 60 முதல் 80 டிகிரி சூட்டிலேயே பல புரதங்கள் பிரிந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு உறைவது இப்படித்தான். ஆனால் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்திருக்கும் பெப்டைடு பிணைப்பு உறுதியானது, தண்ணீரில் வேகவைப்பதால் சத்து குறையும் அளவுக்கு அறுந்துவிடாது. ஸ்வெட்டரைப் பிரித்தாலும் கம்பளி நூல் நூலாகவே கையில் இருக்குமே, அப்படி.

உடம்புக்கு வேண்டியதும் அந்த நூல்தான். இரைப்பையின் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும், அடுத்து சிறுகுடலில் டிரிப்சின் என்ற நொதியும், நாம் சாப்பிட்ட புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி அமினோ அமிலமாக்கிய பிறகே அது ரத்தத்துக்குப் போகிறது. குக்கர் பிரிக்காவிட்டாலும் வயிறு பிரிக்கத்தான் போகிறது. பிறகு நம் செல்கள் மரபணுவில் உள்ள வரிசைப்படி அவற்றைப் புதிதாகக் கோக்கின்றன. அந்த வரிசையில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியிலேயே உதாரணம் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிட்டால், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழையாகி, சிவப்பணுவை அரிவாள்போல் வளைத்துவிடும். இந்தியாவில் அரிவாள் அணு பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று 1952-ல் இந்த மலைப் பழங்குடியினரிடையே நடந்த ஆய்விலிருந்து வந்ததுதான். அது பிறப்பிலேயே வருவது, சாப்பாட்டால் வருவதோ தீர்வதோ இல்லை.

இனி ராஜ்மா. அதில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் இருக்கிறது, சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம். மடிப்புக் கலையாமல் உள்ளே போனால் இது குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும், பிறகு வயிற்றுப்போக்கும் வரும். நாலைந்து பச்சைக் கொட்டையே போதும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். ரத்தம் வந்தாலோ, சிறுநீர் போவது குறைந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த லெக்டினை அழிக்க 100 டிகிரியில் அரை மணி நேரம் கொதிக்கவிடுவது பாதுகாப்பானது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. சமவெளிக்காரர் சொல்லும் நேரக்கணக்கு உங்கள் அடுப்பில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். வெயிட் போட்ட குக்கருக்குள் உதகையிலும் சுமார் 117 டிகிரி கிடைக்கும்.

ராஜ்மாவைப் பன்னிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் எட்டு மணி நேரம் போதாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசி, ஒரு டம்ளர் கொட்டைக்கு மூன்று டம்ளர் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். விசிலை எண்ணாதீர்கள், குக்கருக்குக் குக்கர் அது மாறும். ஒரு கொட்டையை இரண்டு விரலால் நசுக்கினால் தோலோடு குழைய வேண்டும். நடுவில் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. தக்காளி, புளி எல்லாம் வெந்த பிறகுதான், முன்பே சேர்த்தால் புளிப்பில் கொட்டை விறைத்துக்கொள்ளும். சோடா உப்பு வேண்டாம், தயாமின் சத்து போய்விடும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது விறகடுப்புத் தணலில் இரவெல்லாம் மெல்ல வேகவிடுவது. 80 டிகிரி அளவில் லெக்டின் அழியாது, நச்சுத்தன்மை கூடவும் செய்யும். முளைகட்டிய ராஜ்மாவையும் பச்சையாகச் சாப்பிடாதீர்கள்.

பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் செரிக்கிறது, பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதிதான். வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சால்மோனெல்லா கிருமி பயமும் உண்டு. தண்ணீர் கொதித்த பின் 12 முதல் 14 நிமிடம் வேகவிடுங்கள், அது போதும்.

அளவைப் பொறுத்தவரை, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்வது ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். அம்மாவுக்கு 42 கிராம் வரும். உடம்பு தேறி வருகிற நேரம் என்பதால் 50 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் சேர்த்து 250 கிராம் அரிசியில் சுமார் 20 கிராம், 50 கிராம் காய்ந்த ராஜ்மாவில் 10, இரண்டு முட்டையில் 12, ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தை ராஜ்மா ஈடுகட்டும், ராஜ்மாவில் குறையும் மெத்தியோனினை அரிசி கொடுக்கும். கொழுப்பைப்போல் புரதத்தை உடம்பு சேர்த்துவைக்காது, ஆகவே மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். ஆட்டுக்கால் சூப்பை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். குளிரில் அது ஜெல்லியாக உறைவது எலும்பின் கொலாஜன் ஜெலட்டினாக மாறியதால். உடம்பால் செய்துகொள்ள முடியாத ஒன்பதில் ஒன்றான டிரிப்டோபான் அதில் இல்லவே இல்லை.

சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால், புரதத்தைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். கால் வீக்கம் இருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதம் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தால், கூடுதலாகச் சாப்பிட்டு அதை ஈடுகட்ட முடியாது.