டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பெரும்பாலும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் இதற்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் பிடிக்கும். ஆனால் சில வண்டிகளுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்), சிலவற்றுக்குக் கியர் ஆயில். மேனுவலில் போட்டிருப்பதைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகிச் சீக்கிரம் வடியும். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். தூக்கினால் ஸ்டாண்டு கட்டாயம். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது.

முதலில் மேலே இருக்கும் ஃபில் பிளக்கை, அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றுங்கள். கீழே வடித்த பிறகு அது துருப்பிடித்து அசையவில்லை என்றால், ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே கிடக்கும். அப்புறம் கீழே ஆயில் வடியும் துளையின் மூடியான டிரெயின் பிளக். அதில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருக்கும். அது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் இரும்புச் சில்லு வந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

புது வாஷரோடு டிரெயின் பிளக்கை மாட்டிவிட்டு, கைப்பம்பால் மேல் துளை வழியாக ஏற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் துளை விளிம்பில் ஆயில் கசியத் தொடங்கினால் அளவு சரி. பிறகு ஃபில் பிளக்கையும் மாட்டுங்கள். எந்தப் பிளக்கையும் பலத்தையெல்லாம் காட்டி முறுக்க வேண்டாம். பெட்டி பெரும்பாலும் அலுமினியம், மரை சுலபமாகப் போய்விடும்.