ஒரு மூலிகை நோயைக் குணப்படுத்துவதாக ஆய்வு கூறினால், அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

தாவர வேதியியல் ஆய்வகம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன். "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று நாம் படிக்கும் மூலிகைச் செய்திகளில் பெரும்பாலானவை ஆய்வின் முதற்படியை மட்டுமே பேசுகின்றன. மருந்தாவதற்கு அதற்குப் பின் ஏற வேண்டிய படிகளில்தான் பெரும்பாலான செடிகள் நின்றுவிடுகின்றன.

அந்த முதற்படி எப்படிப்பட்டது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, அந்த எத்தனாலை ஆவியாக்கினால் குடுவையின் அடியில் பிசின் போன்ற கரும்பச்சைப் பொருள் எஞ்சும். அதைக் கரைத்து, தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்களின் மேல் இடுவோம். எங்கள் சாறு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்ற செறிவில் அச்செல்களில் பாதியைக் கொன்ற அன்று நான் பெருமகிழ்ச்சியோடு வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 40 லிட்டர் நீர் இருக்கிறது; அதில் அதே செறிவு ஏற்பட வேண்டுமானால், 8 கிராம் சாறு குடலில் வீணாகாமல், கல்லீரலில் சிதையாமல், முழுவதும் ஒரே நேரத்தில் உடலில் கரைந்திருக்க வேண்டும். நூற்றில் ஒரு பங்குதான் உடலில் சேரும் என்றால் 800 கிராம் சாற்றை விழுங்க வேண்டும். செறிவு போதுமான அளவு கூடினால் சமையல் உப்பும் அந்தச் செல்களைக் கொன்றுவிடும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். பின்னர் சாற்றிலிருந்து டானின்களை நீக்கிச் சோதித்தபோது, கொல்லும் திறனும் அவற்றோடு போய்விட்டது. டானின், எதிர்ப்படும் புரதங்களையெல்லாம் பற்றிக்கொள்ளும் பொருள். தட்டில் வீரம் காட்டும், குடலைத் தாண்டி அந்த வீரம் செல்லாது.

மஞ்சளிலுள்ள குர்குமினின் கதையும் இத்தகையதே. தட்டில் வைத்துச் சோதித்தால் அது எதிர்க்காத நோயே இல்லை என்று தோன்றும். ஆனால் 2017-இல் மருத்துவ வேதியியலாளர்கள் வெளியிட்ட விரிவான மதிப்பீடு ஒன்று, குர்குமின் விரைவில் சிதைவதையும், வாய்வழி உட்கொண்டால் மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்வதையும், பலவகைச் சோதனை முறைகளில் பொய்யான நேர்முடிவைத் தரக்கூடியது என்பதையும் எடுத்துக்காட்டியது.

மனிதர்களிடம் நடத்தப்பட்ட சோதனை என்றால் நம்பலாமே என்று கேட்பீர்கள். கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். 1988-இல் சென்னையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்த வைரஸை நெடுங்காலமாக உடலில் சுமந்தவர்களில் 37 பேர் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் உட்கொண்ட பிறகு, 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. அப்புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்கே நிகழும் என்பதால், இது உலகையே திரும்பிப் பார்க்க வைத்த முடிவு. ஆனால் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் மீண்டும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல சோதனைகளை ஒன்றாகத் திரட்டி மதிப்பிட்டு 2011-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுக்கு வெறும் மாத்திரையைவிட இச்செடியினம் பயன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்று முடித்தது.

இங்கே எவரும் ஏமாற்றியதாக நான் கருதவில்லை. 60 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதோடு, கீழாநெல்லியை ஒத்த சிற்றினங்கள் பல உள்ளன. ஒரே சிற்றினத்திலும் மண், பருவம், உலர்த்தும் முறை ஆகியவற்றுக்கேற்ப உட்பொருள்களின் அளவு மாறும். எங்கள் ஆய்வகத்திலேயே, மழைக்கு முன் பறித்த இலையில் கிடைத்த பலன் மழைக்குப் பின் பறித்த இலையில் கிடைக்காமல் ஓராண்டு உழைப்பு வீணானது. மேலும், ஹெபடைட்டிஸ் ஏ வைரஸால் வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதால், அப்போது எந்த இலையை அரைத்துக் கொடுத்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். ஒப்பிடும் குழு இல்லாத எந்தச் சோதனையையும் நான் பொருட்படுத்தாததற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மரபு அறிவு பயனற்றதா என்றால், இல்லை. அது தேட வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீனத்தின் தூ யூயூவின் குழு, பழைய நூல்களிலிருந்து ஏறக்குறைய 2,000 குறிப்புகளைத் திரட்டி, சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகளைத் தயாரித்தது. மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சாறு ஒருமுறை பலன் தந்தது, மறுமுறை தரவில்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பு, அச்செடியைக் கொதிக்க வைக்கச் சொல்லாமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது. வெப்பமே மருந்தைச் சிதைக்கிறது என்று ஊகித்த தூ யூயூ, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளிடமிருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை முற்றிலும் ஒழித்தது. அடுத்த ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் முதலில் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தனர். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்த வழி இது. ஆயினும் அந்தச் செடியைத் தேநீராகக் காய்ச்சிக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை; போதாத அளவு மருந்து, ஒட்டுண்ணிக்கு எதிர்ப்புத்திறனைத்தான் வளர்க்கும்.

மரபு சில வேளைகளில் தவறான கதவைக் காட்டியும் நல்ல அறைக்குள் கொண்டுபோய் விடுகிறது. நித்தியகல்யாணி இலை நீரிழிவைத் தணிக்கும் என்று கேள்விப்பட்டு, கனடாவின் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1950களில் அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினர். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் குறைந்து, தொற்று நோயால் அவை இறந்தன. வெள்ளையணுக்கள் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? அந்தத் தோல்வியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும், அதே செடியிலிருந்து சிறார் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் வின்கிரிஸ்டினும் வந்தன. இவை ஆல்கலாய்டு என்ற வகையைச் சேர்ந்த மிகக் கடுமையான தாவரப் பொருள்கள். துல்லியமாக அளந்து இரத்த நாளத்தில் மட்டுமே செலுத்தத்தக்கவை. இதைச் சொல்லக் காரணம், "புற்றுநோய் மருந்து இந்தச் செடியில்தான் இருக்கிறது" என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு இலையை மென்று தின்ன முற்படுவோரை நான் கண்டிருக்கிறேன்.

இயற்கையானது தீங்கற்றது என்ற நம்பிக்கைக்குப் பதில் சொல்ல இரண்டு செய்திகள் போதும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரைகளை உட்கொண்ட பெண்களில் 100-க்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பெயர் ஒற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டலோக்கியா பேரினச் செடி கலந்திருந்தது. நாம் ஈஸ்வரமூலி என்றும் ஆடுதீண்டாப்பாளை என்றும் அழைப்பவை அதே பேரினம். இன்னொன்று, மனச்சோர்வுக்கு உட்கொள்ளப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை. அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி மற்ற மருந்துகளை விரைவில் சிதைத்துவிடுவதால், மாற்று உறுப்பு பெற்றவர்களின் உடல் அந்த உறுப்பையே நிராகரித்த நேர்வுகள் பதிவாகியுள்ளன.

ஆகவே ஒரு செய்தியைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, சோதனை தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்பது. மனிதர் என்றால், ஒப்பிட ஒரு குழு இருந்ததா, வேறொரு குழுவினரும் அதே முடிவை எட்டினார்களா என்பது. செடியின் எந்தப் பகுதி, எந்தக் கரைப்பான், எவ்வளவு அளவு என்று கூறாத கட்டுரையை மேற்கொண்டு படிப்பதில்லை.

ஹெபடைட்டிஸ் பி நோயாளி ஒருவர் சென்ற ஆண்டு, கீழாநெல்லி சாப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார். மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு முடிவெடுங்கள் என்றேன். ஆனால் அதை நம்பி, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதையும் சொன்னேன்.