அறுவைசிகிச்சையில் ஃபென்டனிலும் மயக்க வாயுவும்: கேள்வி பதில்

கீழக்கரை, நர்ஸிங் மாணவி: மயக்க வாயுவான செவோஃப்ளூரேன் மட்டுமே ஆளைத் தூங்க வைக்கிறதே, கூடவே வலி மருந்தான ஃபென்டனில் எதற்கு சார்?

தூங்குவது வேறு, கத்தி பட்டும் உடம்பு துள்ளாமல் கிடப்பது வேறு. தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாதிருக்கத் தேவையான வாயு அளவுதான் மேக். 40 வயதில் செவோஃப்ளூரேனுக்கு ஏறக்குறைய 2 சதவீதம், மற்ற மயக்க வாயுக்களில் ஐசோஃப்ளூரேனுக்கு 1.2, டெஸ்ஃப்ளூரேனுக்கு 6. மீதிப் பாதிப் பேரையும் வாயுவாலேயே அடக்கப் போனால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஃபென்டனில் கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் கொடுத்தால் வாயுத் தேவை பாதிவரை இறங்கும். மருந்து உச்சத்தைத் தொட 3 முதல் 5 நிமிடம் ஆகும், அதற்குப் பிறகே மூச்சுக் குழாய் போடுங்கள். ஒரே மூச்சில் தள்ளினால் நெஞ்சு இறுகி, மாஸ்க்கில் காற்று போகாது.

தொண்டி, மயக்கவியல் டெக்னீஷியன்: அப்படியானால் ஃபென்டனிலைக் கூட்டி, செவோஃப்ளூரேனை 0.5 சதவீதத்தில் நிறுத்தலாமா?

கூடவே கூடாது தம்பி. நினைவை அணைப்பது வாயுவின் வேலை. அதில் ஃபென்டனிலை நம்ப முடியாது. 0.6, 0.7 சதவீதத்திலேயே பாதிப் பேர் கூப்பிட்டால் கண் திறப்பார்கள். தசை தளர்த்தியும் போட்டிருந்தால் அதற்கும் வழியில்லை. விழித்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது. இதைவிடக் கொடுமை ஆபரேஷன் மேசையில் இல்லை. வெளிமூச்சு வாயுவை 0.7 மேக்குக்குக் குறையாமல் வையுங்கள், 40 வயதில் செவோஃப்ளூரேன் 1.4 சதவீதம். அலாரமும் அங்கேயே இருக்கட்டும்.

மண்டபம், பயிற்சி மருத்துவர்: ஃபென்டனில் இனத்து வலி மருந்தான ரெமிஃபென்டனிலைச் சொட்டாக விடுவது நல்லதா?

நீண்ட நேரம் ஓடினாலும் தேங்காது, நிறுத்திய 5, 10 நிமிடத்தில் போய்விடும். வலியடக்கமும் கூடவே போய்விடும் என்பதுதான் சிக்கல். தையல் போட அரைமணி முன்பே மார்ஃபின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கொடுத்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் வேண்டாம்.

ராமநாதபுரம், ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்: டெஸ்ஃப்ளூரேனை சாதாரண வேப்பரைசரில் (திரவ மயக்க மருந்தை ஆவியாக்கி அளவாகக் கொடுக்கும் கருவி) ஊற்றலாமா?

அது 22.8 டிகிரியிலேயே கொதிக்கும். நம் ஊர் வெயிலில் அளவே நிற்காது. அதற்கென்று 39 டிகிரிக்குச் சூடாகும் தனி வேப்பரைசர் உண்டு. கரண்ட் போனால் அது வாயுவை நிறுத்திவிடும். ரத்தக்குழாயில் போடும் மயக்க மருந்தான புரோபோஃபால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பாம்பன் சின்னப்பாலம், பாசி எடுப்பவர்: படகில் ஏறினாலே எனக்குக் குமட்டும். பித்தப்பை ஆபரேஷன் இருக்கு. டாக்டரிடம் சொல்லணுமா?

அவசியம் சொல்லுங்க அக்கா. பெண், புகைபிடிக்காதவர், பயணத்தில் குமட்டல், ஆபரேஷனுக்குப் பின் ஓபியாய்டு (மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலி மருந்து) ஊசி: இந்த நாலும் சேர்ந்தால் பத்தில் எட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். தெரிந்தால் வாயுவை விட்டு புரோபோஃபால் சொட்டுக்கு மாறுவார்கள். குமட்டலைத் தடுக்க மயக்கியதும் டெக்ஸாமெத்தாசோன், முடியும்போது ஆன்டான்செட்ரான் 4 மில்லிகிராம் போடுவார்கள். வலிக்கு பாராசிட்டமாலும் தையல் இடத்தில் மரப்பு ஊசியும் கொடுத்தால் ஓபியாய்டு குறையும்.