தெற்கு சூடான் போகும் ஜவான்களும் வீட்டாரும் கேட்டவை

ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போக இருக்கும் ஜவான்களும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

ஐயா, எங்கள் பட்டாலியனுக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஆயுதம், ரோந்து எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். அந்த மக்களைப் பற்றி முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. டிங்கா, நுவேர், முர்லே, முண்டாரி என்று நீங்கள் சந்திக்கப் போகிற மக்களில் பெரும்பாலோருக்குச் சொத்து, மானம், கல்யாணம், வழக்கு எல்லாமே மாடுதான். பெண் எடுக்க மாடு கொடுக்க வேண்டும், அதுவும் பத்துக்கணக்கில். ஒரு கொலை நடந்துவிட்டால் பழிக்குப் பழி வராமல் இருக்க இழப்பீடாகக் கொடுப்பதும் மாடுதான். டிங்கா, நுவேர் இளைஞர்களுக்குத் தனக்கென்று ஒரு காளை இருக்கும், அதன் நிறத்தை ஒட்டிய பெயரால் அவனையே கூப்பிடுவார்கள், அந்தக் காளையைப் பற்றி அவன் கட்டிய பாட்டும் இருக்கும். நீங்கள் ரோந்து போகும்போது விடியற்காலையில் ஒரு மாட்டுப்பட்டியைக் கடந்தால் நன்றாகக் கவனியுங்கள்: ஒவ்வொரு மாட்டுக்கும் தனி முளைக்குச்சி, நடுவில் சாணி வரட்டி புகைந்துகொண்டிருக்கும், அந்தச் சாம்பலை எடுத்து ஒரு பையன் தன் முகத்திலும் மாட்டின் முதுகிலும் தேய்த்துக்கொண்டிருப்பான். பூச்சிக்கடிக்கு அதுதான் மருந்து. பக்கத்திலேயே ஒருவன் ஏ.கே. துப்பாக்கியோடு நிற்பான். அவனைப் பார்த்ததும் போராளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் தன் மாட்டுக்குக் காவல் நிற்பவன்தான்.

ஜோங்லே பகுதியில் நடக்கிற சண்டைகளில் பலவற்றுக்கு ஆரம்பம் மாட்டுக் கொள்ளை. ஒரு ஊர்க்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனால் அடுத்த ஊர்க்காரர்கள் திருப்பி ஓட்டிவருவார்கள், இடையில் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கடத்திவிடுகிறார்கள். அதனால் போன முதல் நாளே "உங்களுக்கு எத்தனை மாடு, எங்கே மேய்கிறது?" என்று யாரிடமும் கேட்காதீர்கள், கொள்ளைக்குத் துப்பு எடுப்பதாகத்தான் நினைப்பார்கள். மாடு நன்றாக இருக்கிறதா, மழை பெய்ததா, குடும்பம் நலமா என்று கேளுங்கள். அங்கே நலம் விசாரிப்பது சட்டென்று முடியாது, முடிக்கவும் கூடாது. நம் ராணுவத்தின் கால்நடை மருத்துவர்கள் மலாக்கால் போன்ற இடங்களில் அந்த மக்களின் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து வந்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் இந்தியக் கொடிக்கு இருக்கிற நல்ல பெயரில் அதற்கு ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்த மொழி கற்றுக்கொண்டு போவது? நெற்றியில் இருக்கும் கோடுகளைப் பார்த்து எந்த இனம் என்று சொல்லிவிடலாம் என்கிறார்களே?

அரசு மொழி ஆங்கிலம். ஆனால் கடைத்தெருவில் ஓடுவது ஜூபா அரபி, அந்த ஊர்ப் பேச்சில் கலந்து எளிதாகிப்போன அரபி. "சலாம் தாகி" என்று ஒருவருக்கு வணக்கம் சொல்லவும், "சுக்ரன்" என்று நன்றி சொல்லவும் தெரிந்தால் போதும், முகம் மலரும். நுவேர் ஊரில் "மாலே" சொல்லுங்கள். கைகொடுப்பது, பொருள் கொடுப்பது எல்லாம் வலது கையால்.

நெற்றி விஷயத்தில் ரொம்பக் கவனம். நுவேர் ஆண்கள் பலருக்கு ஒரு காதிலிருந்து மறு காதுவரை ஆறு கோடுகள் இருக்கும், ஷில்லுக் மக்களுக்குப் புருவத்துக்கு மேலே முத்து கோத்ததுபோல் தழும்பு வரிசை. இது தெரிந்திருப்பதில் தப்பில்லை, ஆனால் வாயைத் திறந்து "நீ டிங்காவா, நுவேரா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது தலைநகர் ஜூபாவில் நுவேர் மக்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள், அப்போது அந்தத் தழும்பும் பேசும் மொழியும்தான் ஆளைக் காட்டிக்கொடுத்தன. அடுத்து வந்த மாதங்களில் டிங்கா ஊர்களிலும் அதே கதி. சீருடை போட்ட ஒருவன் இனத்தைக் கேட்டாலே அவர்களுக்கு உடம்பு நடுங்கும். மொழிபெயர்ப்பாளராக வருபவரும் ஏதோ ஓர் இனத்தைச் சேர்ந்தவர்தான், அவரைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை ரோந்துக்குக் கிளம்பும் முன்பே கமாண்டரிடம் கேட்டுத் தெளிவு படுத்திக்கொள்ளுங்கள்.

அண்ணா, என் கணவர் அங்கே போய் இரண்டு மாதம் ஆகிறது. மலேரியா மாத்திரை போட்டால் கெட்ட கனவு வருகிறது, அதனால் நிறுத்திவிட்டேன் என்கிறார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன் தங்கச்சி. இன்றைக்கே போனில் பேசும்போது கண்டிப்பாகச் சொல்லுங்கள்: மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் மருத்துவ அதிகாரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் வகை மலேரியா. தாமதித்தால் சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் பிடித்து ஆளைக் கொன்றுவிடும். உடல் பலம், வயது எதையும் அது பார்ப்பதில்லை.

அவர் சொல்வதை வைத்துப் பார்த்தால் வாரம் ஒரு முறை போடும் மெஃப்ளோகுயினாக இருக்கலாம். அதில் கனவுத் தொல்லை, பதற்றம், மனச்சோர்வு சிலருக்கு வருவது உண்மை, கற்பனை இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. அது ஒத்துக்கொள்ளாதவருக்கு வேறு மருந்து இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் தினமும் போடுவது, சாப்பாட்டோடு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்துபோகும். அட்டோவகோன்-புரோகுவானில் என்று இன்னொன்று. எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை மட்டும் போதாது. மலேரியா கொசு கடிப்பது சாயங்காலத்திலிருந்து விடிகிற வரை, அதனால் இருட்டியதும் முழுக்கை, முழுக்கால், கொசுவலை. காய்ச்சல் வந்தால் உடனே இரத்தப் பரிசோதனை, பாராசிட்டமால் போட்டுப் படுத்துத் தூங்குவது அல்ல.

இன்னொன்றை நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஊர் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் அவர் மறந்துவிடுவார். மெஃப்ளோகுயினும் டாக்ஸிசைக்ளினும் அந்த நாட்டை விட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும், அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். லீவில் வந்தாலும் இதே கணக்குதான். வந்து ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்" என்று சொல்லுங்கள். சாதாரண வைரல் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

நேர வித்தியாசம் கேட்டிருந்தீர்கள். நாம் மூன்றரை மணி நேரம் முன்னால். அவருக்கு இரவு 9 என்றால் உங்களுக்கு 12.30. அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் உங்கள் தூக்கமும் கெடாது.

நான் ராணுவ வண்டி ஓட்டும் எம்.டி. டிரைவர். அங்கே வண்டி ஓட்டுவதில் என்ன வித்தியாசம்? மாடு குறுக்கே வந்து அடிபட்டால் என்ன செய்வது?

தெற்கு சூடானில் சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். நம் பட்டாலியன் கொண்டுபோகும் வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலது பக்கமே இருக்கும், ஆக நீங்கள் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், எதிரே வருவது முந்தும்போது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லாமல் முந்தாதீர்கள். உகாண்டாவில் இடது பக்கம் ஓட்டுகிறார்கள், அங்கிருந்து வரும் லாரிக்காரருக்கும் இதே சிக்கல், அவரும் பார்க்காமல் ஏறி வரலாம்.

மாடு அடிபட்டால், மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், அடிபட்டது ஒருவருடைய மகனின் கல்யாணம். கோபம் வரும், கூட்டம் சேரும், கையில் ஆயுதம் இருக்கும். உயிருக்கு ஆபத்து இல்லாத வரை நின்று, வருத்தம் தெரிவித்து, ரேடியோவில் தகவல் கொடுங்கள். நிலைமை முற்றுகிறது என்று தெரிந்தால் பக்கத்து முகாமுக்கோ போலீஸுக்கோ நேரே போய்ச் சொல்லுங்கள். பாக்கெட்டில் இருந்து டாலரை எடுத்து அங்கேயே பேரம் முடிக்காதீர்கள், எழுதிக்கொடுக்கவும் வேண்டாம். இழப்பீட்டுக்கு ஐ.நா.வில் தனி வழிமுறை இருக்கிறது, அதில் ஊர்ப் பெரியவரையும் சேர்த்துப் பேசினால்தான் தீர்வு நிலைக்கும்.

தடம் பதிந்த பாதையை விட்டு இறங்காதீர்கள், ஒன்றுக்குப் போகக்கூட. கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் இன்னும் கிடக்கின்றன.

மழைக்காலம் எப்படி? பாம்பு அதிகம் என்று பயமுறுத்துகிறார்கள்.

ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை மழை. மண் கரிசல், நனைந்தால் டயர் அச்சுவரை இறங்கிவிடும், பல சாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும், அப்புறம் ஹெலிகாப்டரும் படகும்தான். வெள்ளை நைல் பரந்து கிடக்கிற சட் சதுப்புநிலம் உலகத்தின் மிகப் பெரிய சதுப்புநிலங்களில் ஒன்று. 2021 வெள்ளத்தில் பென்டியூ நகரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது கரை கட்டிக் காத்ததில் ஐ.நா. படையின் பாகிஸ்தான் பொறியாளர்கள் பெரிய வேலை செய்தார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. காய்ந்த பிறகு வேறு கவலை: பாதை திறந்தால் மாட்டுக் கொள்ளைக்காரர்களுக்கும் வழி திறக்கிறது.

நைலிலோ தேங்கிய நீரிலோ குளிக்காதீர்கள். முதலை ஒருபுறம் இருக்கட்டும், நத்தையிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போய்விடும். பாம்பு உண்டு: பஃப் ஆடர் விரியன், பிளாக் மாம்பா, விஷத்தைக் கண்ணுக்குப் பீய்ச்சும் நாகம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். கடித்தால் கீறுவது, கயிறு கட்டுவது வேண்டாம், கையைக் காலை அசைக்காமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நம் நான்கு பாம்புகளுக்கு ஆனது, ஆப்பிரிக்கப் பாம்புக்கு அதை நம்ப முடியாது. ஆப்பிரிக்க வகை மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். ஊருக்குள் பாம்பைக் கண்டதும் அடிக்கப் பாயாதீர்கள், சில குலங்களுக்கு அது குலச்சின்னம்.

என் மகன் போகிறான். அங்கே சண்டை வந்தால் அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

இல்லை அம்மா. அந்தப் படைக்குப் பொதுமக்களைக் காக்கும் கடமை உண்டு, அதற்கு ஆயுதத்தைப் பயன்படுத்தும் அதிகாரமும் உண்டு. 2014-இல் பாதுகாப்பு சபை அதைத்தான் முதன்மை வேலையாக ஆக்கியது. ஆபத்து இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். 2013 ஏப்ரலில் ஜோங்லேயில் பதுங்கித் தாக்கியதில் நம் வீரர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அகோபோ முகாமில் தஞ்சம் புகுந்தவர்களைக் கொல்ல வந்த கும்பல் தாக்கியபோது இருவர் இறந்தார்கள். ஆனால் அந்த மாதங்களில் ஐ.நா. முகாம்களின் கதவைத் திறந்துவிட்டதால் பல்லாயிரம் பேர் உயிர் பிழைத்தார்கள். எப்போது சுடலாம், எப்போது கூடாது என்பதை எழுதிய விதி இருக்கிறது, கிளம்பும் முன் அது அவனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். நீங்கள் அவனிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுக்கலாமா? உள்ளூர்ப் பெண்களிடம் பேசக்கூடாது என்கிறார்களே, பேசுவதில் என்ன தப்பு?

ஓடுகிற வண்டியிலிருந்து எதையும் வீசாதீர்கள். அடுத்த வண்டி சத்தம் கேட்டதும் குழந்தை சாலைக்கு ஓடி வரும்.

பேசுவதில் தப்பில்லை. ஊர்ப் பெண்களின் குறைகளைக் கேட்கப் பெண் வீரர்கள் கூட இருந்தால் நல்லது. ஆனால் எல்லை எது என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். 2003-இல் ஐ.நா. பொதுச் செயலாளர் வெளியிட்ட விதிப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவரோடு எந்தப் பாலியல் உறவும் குற்றம், வயது தெரியாது என்பது சாக்கு ஆகாது. பணம், உணவு, வேலை எதைக் கொடுத்தும் உறவு கொள்வது குற்றம், அந்தப் பெண்ணே சம்மதித்தாலும். பட்டினியில் இருப்பவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று நான் எண்ணவே மாட்டேன். பிடிபட்டால் ஊருக்கு அனுப்புவார்கள், விசாரணை நம் நாட்டுச் சட்டப்படி நடக்கும். இது பரவலாக நடந்தது என்று தெரிந்தால் ஒரு முழுப் பிரிவையே திருப்பி அனுப்ப 2016-இல் பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டிருக்கிறது. நண்பன் செய்வது தெரிந்தால் சொல்ல வேண்டியதும் உங்கள் கடமை.

ஐ.நா.வில் இருந்து எவ்வளவு பணம் வரும்?

ஒரு வீரருக்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் ஐ.நா. தருவது அரசுக்கு, உங்கள் கைக்கு அல்ல. உங்களுக்கு என்ன என்பது அரசு விதிப்படி. ஐ.நா. நேராகத் தருவது தினப்படி 1.28 டாலர், லீவு நாட்களுக்குத் தனிப்படி. டாலர் நோட்டு புதிதாக, கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும், பழையதை அங்கே வாங்க மாட்டார்கள்.

போட்டோ எடுக்கலாமா? ஞாபகார்த்தமாக எதை வாங்கி வரலாம்?

முகாமுக்கு வெளியே போனைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். பாலம், விமான நிலையம், ராணுவம், சோதனைச் சாவடி எதையும் எடுத்தால் பிடித்து வைப்பார்கள். மனிதர்களை எடுக்க அவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ரோந்து வழி தெரிகிற படம் எதையும் வீட்டுக்குக்கூட அனுப்ப வேண்டாம்.

வாங்குவதென்றால் மணிமாலை, கூடை வாங்குங்கள், பின்னியவர் கையிலிருந்தே வாங்கினால் இன்னும் நல்லது. தந்தம், சிறுத்தைத் தோல், முதலைத் தோல் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தமும் நம் வனவிலங்குச் சட்டத்தில் குற்றம், விமான நிலையத்திலேயே மாட்டுவீர்கள்.