கைகோத்து நிற்கும் கடைசிக் காட்சி

வணக்கம் சார்,

சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆண்டு விழாவுக்குச் சமத்துவம் பற்றி ஒரு நாட்டிய நாடகம் போடுகிறோம். பரதம் கற்ற பிள்ளைகள் தூய்மைப் பணியாளர், திருநங்கை, மீனவப் பெண் என்று வேஷம் கட்டுகிறார்கள். கடைசியில் எல்லோரும் கைகோத்து நிற்பார்கள். 'ஆடினா சாதி போயிடுமா?' என்று சக ஆசிரியர் ஒருவர் கேலி செய்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, குரோம்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

போகாது. அதற்காக ஆடாமல் இருக்க வேண்டியதும் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. யாரைப் பற்றி ஆடுகிறீர்களோ அவர்களில் ஒருவர்கூட மேடையில் இல்லையே?

யார் ஆடலாம் என்பது இந்த ஊரில் பழைய சண்டை. பரம்பரையாக ஆடிவந்த இசை வேளாளர் குடும்பங்களின் சதிர் ஆட்டம்தான் 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரில் இசை, நடன சபாக்களுக்குள் போனது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947 சட்டம் தடை செய்தது, செய்ய வேண்டியதுதான், ஆனால் அதையொட்டிய ஆண்டுகளில் அந்த வீட்டுப் பெண்கள், பாலசரஸ்வதி போன்ற சிலரைத் தவிர, மேடையிலிருந்தே காணாமல் போனார்கள். ஆட்டம் மட்டும் வேறு வீடுகளுக்குக் குடிபோய்விட்டது.

பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜை எடுத்துக்கொள்ளுங்கள். திருநங்கை. தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் கற்றவர், 2019இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் சமத்துவம் பற்றித் தனியாக ஆட வேண்டாம், காதலில் ஏங்கும் நாயகியின் பாவத்தில் ஒரு பதம் ஆடினாலே போதும், பார்ப்பவர் மனசில் ஏதோ ஒன்று இடம் மாறிவிடும்.

2015இல் பெசன்ட் நகர் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலை விழா தொடங்கியபோது சபா ரசிகர்கள் மீனவர் குடியிருப்புக்குக் கச்சேரி கேட்க வந்தார்கள். நல்ல காரியம். குப்பத்து ஆட்கள் அதே சகஜத்தோடு டிசம்பர் கச்சேரி சீசனில் சபாவுக்குள் போக முடியுமா என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி. (சபா கேன்டீனுக்கு மட்டும் எல்லோரும் போகலாம், அங்கே டிக்கெட் கேட்பதில்லை.)

சரி, உங்கள் நாடகம். உங்கள் வளாகத்தைப் பெருக்கும் அக்காக்களை ஒத்திகைக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள், அந்த இடம் பொய். கானா பாடுகிற, பறை அடிக்கிற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களைப் பரதம் ஆடுபவர்களுக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள். அந்தக் கைகோக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள். அப்புறம், பறைக்கு வெளியிலிருந்து ஆள் வைத்தால் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாருக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்கள். பட்ஜெட் இல்லை என்பார்கள், லைட்டுக்கு ஒதுக்கியதில் குறைக்கச் சொல்லுங்கள்.