உங்கள் மகள் சொன்ன கீறல்

கேள்வி: நியூ ஆர்டர் என்ற இங்கிலாந்து ராக் குழு 1981, 82-இல் வெளியிட்ட சிங்கிள்களை, அதாவது ஒரு பாட்டுக்கென்றே வரும் தட்டுகளை, இத்தனை வருடம் கழித்து மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். ‘கீறல் விழுந்த ரிக்கார்டு மாதிரி அதையே எத்தனை தடவை கேட்பீங்க?’ என்கிறாள் மகள். அந்தப் பாட்டெல்லாம் உண்மையிலேயே நல்ல பாட்டுதானா, இல்லை என் கல்லூரிக்கால நினைவு அப்படி நினைக்க வைக்கிறதா?

– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மகள் சொன்ன ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். கீறல்.

ரிக்கார்டு என்பதே கீறல்தான். ஓரத்தில் தொடங்கி நடுவரை சுற்றிச் சுற்றிப் போகும் ஒற்றைக் கோடு. ஒரு பக்கத்துக்கு ஒன்று. அதன் நெளிவுகளில் ஊசி ஆடுவதுதான் பாட்டு. அடித்தொனி கனமாக வேண்டுமென்றால் கோடு அகலமாக நெளிய வேண்டும், அகலமாக நெளிந்தால் இடம் அதிகம் பிடிக்கும். 7 அங்குலத் தட்டில் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் சத்தத்தைக் குறைத்துத்தான் அடைக்க முடியும். 12 அங்குலத் தட்டில் ஒரே ஒரு பாட்டை வைத்தால் கோடு தாராளமாக நெளியலாம். எழுபதுகளின் நடுவில் நியூயார்க் டிஸ்கோக்காரர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். நான்கைந்து வருடத்தில் அது நியூ ஆர்டரின் ஊரான மான்செஸ்டருக்கு வந்து சேர்ந்தது. உங்கள் குழுவின் பாட்டுகள் அவ்வளவு நீளமாக, அவ்வளவு இடம் விட்டு ஓடுவதற்கு இந்தத் தட்டின் அகலமும் ஒரு காரணம். அதனால், கீறல் என்று மகள் சொன்னால் ஆமாம் என்று சொல்லுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது 1982-தானா?

எதற்காகக் கேட்கிறேன் என்றால், நம்மில் பலரிடம் அந்தப் பாட்டுகள் ‘சப்ஸ்டன்ஸ்’ என்ற தொகுப்பின் வழியாகத்தான் வந்து சேர்ந்தன. அது 1987-இல் வெளியானது. அதில் இருக்கும் ‘டெம்ப்டேஷன்’ 1982-இல் வந்தது இல்லை. தொகுப்புக்காகப் புதிதாகப் பாடி, புதிதாக வாசித்துப் பதிவு செய்தது. ‘கன்ஃபியூஷன்’ பாட்டும் அப்படியே. 12 அங்குலத் தட்டில் வந்த முதல் ‘டெம்ப்டேஷன்’ ஒன்பது நிமிடத்தைத் தொடும். தொகுப்பில் இருப்பது ஏழு நிமிடம், மழமழவென்று சீவிவிட்டது. முதல் பதிவை வெளித் தயாரிப்பாளர் யாரும் இல்லாமல் அவர்களே செய்தார்கள். பாடிக்கொண்டிருந்த பெர்னார்ட் சம்னரின் சட்டைக்குள் கூட இருந்தவர்கள் பனி உருண்டையைப் போட, அவர் போட்ட கூச்சல்கூடத் தட்டில் அப்படியே இருக்கிறது. அந்தக் கூச்சல் கேட்கவில்லை என்றால் நீங்கள் ஏங்கிக்கொண்டிருப்பது வேறொரு வருடத்துக்கு.

மறுபதிவை எடுத்து அதே பெயரில், அதே பழைய பாட்டு என்று கொடுப்பதை நான் எங்கே பார்த்தாலும் எதிர்ப்பேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். ஒருமுறை ஊருக்குப் போகும்போது பேருந்து நிலையக் கடை ஒன்றில் பழைய சினிமாப் பாட்டு கேசட் வாங்கினேன். அட்டையில் பெரிய கதாநாயகரின் படம், பாட்டுப் பெயர்களெல்லாம் சரி. வீட்டில் போட்டால் குரல் வேறு யாரோ, தபேலாவுக்குப் பதில் கீபோர்டு. அம்மாவுக்காக வாங்கியது அது. அவர் இரண்டு வரி கேட்டுவிட்டு, ‘இது அந்தப் பாட்டு இல்லப்பா’ என்று எழுந்து போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. நியூ ஆர்டர் தங்கள் பாட்டைத் தாங்களே மறுபடி பாடினார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் முதல் பதிவைக் கூடவே வைத்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் அவர்களை மெச்ச வேண்டும். ஆரம்ப வருடங்களில் சிங்கிள் வேறு, ஆல்பம் வேறு என்பதில் உறுதியாக இருந்தார்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பாட்டை ரசிகன் தலையில் மறுபடி கட்டக் கூடாது. 1983 மார்ச்சில் ‘புளூ மண்டே’ வந்தது, மே மாதம் ஆல்பம் வந்தது, இங்கிலாந்தில் விற்ற அந்த எல்பியில் ‘புளூ மண்டே’ இல்லை. ஃபிளாப்பி டிஸ்க் போல வெட்டிய அந்த சிங்கிளின் உறையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

எனக்கு முக்கியம் ‘செரிமனி’தான். உங்கள் சந்தேகத்துக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் ஜாய் டிவிஷன் என்ற பெயரில் இருந்தபோது, 1980 மே 2 அன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாட்டை மேடையில் வாசித்தார்கள். அதுதான் அந்தக் குழுவின் கடைசி நிகழ்ச்சி. மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப இருந்த நேரத்தில், பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. மிஞ்சிய மூன்று பேரிடம் ஒரு பாட்டு இருந்தது, அதன் வரிகள் முழுதாக எழுத்தில் இல்லை. ஒலிப்பதிவை ஈக்குவலைசரில் போட்டு, குரல் இருக்கும் அலைவரிசையை மட்டும் தூக்கிவிட்டு, நண்பன் என்ன பாடினான் என்று காதை வைத்துக் கேட்டு எழுதினார் சம்னர். யார் பாடுவது என்பதும் முடிவாகவில்லை. மூன்று பேரும் பாடிப் பார்த்தார்கள்.

அப்படி வந்தது 1981-இன் முதல் ‘செரிமனி’. கேளுங்கள், சம்னரின் குரல் தயங்கித் தயங்கி வரும். தன்னுடையது அல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பானே, அப்படி. அதைத் தாங்குவது பீட்டர் ஹூக்கின் பேஸ் கிட்டார். ஆரம்ப நாட்களில் சம்னரின் கிட்டார் சத்தத்தில் தன் வாசிப்பு காதில் விழவில்லை என்பதற்காக மேல் ஸ்வரங்களுக்கு ஏறியவர் அவர், அங்கேயே தங்கிவிட்டார். பாடகன் போன பிறகு அந்த பேஸ்தான் பாடியது. 1980 அக்டோபரில் கில்லியன் கில்பர்ட் சேர்ந்தார். அவருடைய கிட்டாருடன் அதே பாட்டை மறுபடி பதிவு செய்து 1981 செப்டம்பரில் வெளியிட்டார்கள். ‘சப்ஸ்டன்ஸ்’ தொகுப்பில் இருப்பது இந்த இரண்டாவதுதான். அதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, சட்டை உடம்புக்குப் பொருந்திவிட்டது. எனக்கு அந்த முதல் தடுமாற்றம்தான் வேண்டும்.

இதையெல்லாம் உங்கள் கல்லூரிக்கால நினைவு கொண்டுவந்து சேர்க்கவில்லை. தட்டிலேயே இருக்கிறது. அந்த வயதில் உங்களுக்கு அது கேட்டிருக்காது என்றுகூடச் சொல்வேன். இருபது வயதில் நமக்கு டிரம்ஸ் கேட்டது, வேகம் கேட்டது. நண்பனைப் பறிகொடுத்தவனின் தயக்கம் எப்படி இருக்கும் என்று அப்போது எத்தனை பேருக்குத் தெரியும்?

மகளுடன் ஒரு மாலை உட்காருங்கள். ‘ஸ்டில்’ என்ற ஜாய் டிவிஷன் தொகுப்பில் பர்மிங்ஹாம் மேடைப் பதிவு இருக்கிறது. ஆரம்பத்தில் கர்ட்டிஸின் குரலே சரியாகக் கேட்காது, பாதியில்தான் மேலே வரும். அதை முதலில் போடுங்கள். அப்புறம் 1981-இன் முதல் பதிவு, அதன் பிறகு கில்பர்ட் வாசித்தது. எது எந்த வருடம் என்று சொல்லாமல் போடுங்கள். எந்த இடத்தில் அவள் நிமிர்ந்து பார்க்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.