தைப்பட்டத்தில் காய்கறித் தோட்டம்

கேள்வி: கொல்லையில் 10 அடிக்கு 10 அடி இடம் இருக்கிறது. ஆடிப்பட்டத்தைத் தவறவிட்டேன். தை, மாசியில் காய்கறி போட்டால் வருமா?
– வாசகி, மதுரை

பதில்: தாராளமாக வரும். கோடை வெயில் ஏறுவதற்குள் செடி வேர் பிடித்துவிட வேண்டும் என்பதால், தை பிறந்ததுமே மண்ணைக் கொத்தி, நன்கு மக்கிய சாண எருவைக் கலந்துவிடுங்கள். வெண்டை விதையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, விரல் கணு ஆழத்தில் ஊன்றினால், ஒரு வாரத்துக்குள் முளைத்து, சுமார் 45 நாளில் பிஞ்சு பறிக்கலாம். கொத்தவரையும் நேரடி விதைப்புதான். கத்தரி, தக்காளிக்கு நாற்றுவிட்டு, 25 முதல் 30 நாளில் பிடுங்கி, வெயில் தாழ்ந்த பிறகே நடுங்கள்; உச்சிவெயிலில் நட்ட நாற்று துவண்டு கிடப்பதைக் காண எனக்கு மனம் பொறுப்பதில்லை. வெண்டை இலையில் நரம்புகள் மஞ்சளாக ஓடினால், அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அந்நோயை அடுத்த வெண்டைச் செடிக்கும் கொண்டுபோய்விடும்.